இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி

ஐந்தரைக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். இரண்டு மாடி இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து மோட்டர் போடுகிறேன். பச்சைப் பொத்தான் போட, சிவப்பு நிறுத்த. தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டி நிறைய இருபத்திரண்டு நிமிடம். அதுவரை அங்கேயே நிற்கிறேன். நிறைந்ததும் பக்கவாட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும். சிவப்பை அழுத்திவிட்டு மேலே வருகிறேன். காபி. குளியல். எட்டே காலுக்கு பைக்கில் அடையாறு. அங்கே ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். ஏழு மணிக்குத் திரும்புகிறேன்.

மண்டைவெளியில் எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். மோட்டர் போடுவது ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் ஒரு நாள் மிஞ்சியது. கடைசியாகக் குடிவந்தவர்கள் நாங்கள் என்று ஞாயிற்றுக்கிழமையையும் எங்கள் தலையில் கட்டினார்கள். புதன் மாளவிகா, ஞாயிறு நான் என்று பிரித்துக்கொண்டோம். இப்போது ஏழு நாளும் நானே போடுகிறேன். பதினொரு மாதமாகிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இன்று ஞாயிறு. மோட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு ஃபிரெட்ரிக் வந்தான். கையில் ஹெல்மெட். கழற்றிய பிறகும் தலை கலைந்திருந்தது. பதினொரு மாதமாக அவனோடு நான் பேசவில்லை.

அவன் சாந்தோம்காரன். கல்லூரியில் என்னோடு நான்கு வருடம் சிவில் படித்தான். படிப்பு முடிந்ததும் அதை விட்டுவிட்டு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனான். எனக்கு மலையேறக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். என் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்தும் அவனுடையது. மாளவிகா வீட்டிலிருந்து அன்று யாரும் வரவில்லை.

ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் மூன்று சிகரங்கள் வரிசையாக இருக்கின்றன. ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்போம். மூன்றையும் ஒரே பகலில் ஏறி இறங்க வேண்டும் என்பது ஆசை. இரண்டு முறை முயன்றோம். ஒருமுறை மழை, ஒருமுறை என் முழங்கால். இரண்டு முறையும் இரண்டாவது சிகரத்திலிருந்து திரும்பினோம். மாளவிகா எனக்கு ரெண்டு மலை ராஜா என்று பெயர் வைத்தாள். அவளுடைய அலுவலகத்தில் கூட அந்தப் பெயர் பரவியிருந்தது.

போன பிப்ரவரியில் மூன்றாவது முறை கிளம்பினோம். சனிக்கிழமை சாயங்காலம். புளியோதரை கட்டிக் கொடுத்தாள். வாசலில் நின்றுகொண்டு ஃபிரெட்ரிக்கிடம், இந்தத் தடவையும் ரெண்டோடு அழைத்து வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். அவன், நான் என்ன பண்றது மேடம், உங்க ஆளு முட்டி அப்படி என்றான்.

"அதெல்லாம் தெரியாது. மூணாவதுல நிக்கற மாதிரி போட்டோ வேணும். இல்லேன்னா நம்ப மாட்டேன்" என்றாள்.

அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் பையை அடுக்கும்போதுதான் சார்ஜரை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. என் போனில் இருபத்தெட்டு சதவீதம் இருந்தது.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையில் டவர் தேடித் தேடியே போன் தீர்ந்துவிடும். அதனால் இரண்டு பேரில் ஒருவன் போன் மட்டும் ஆனில் இருக்கும். மற்றவனுடையதை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுவோம். அடுத்த பயணத்தில் முறை மாறும். அன்று என்னுடையது ஆனில் இருக்க வேண்டிய முறை. உன்னுதே இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னுடையதை அணைத்தேன். வனத்துறைச் சாவடி நோட்டில் எங்கள் பெயர்களுக்கு எதிரே அவன் எண்ணைத்தான் எழுதினேன்.

ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினோம். முதல் சிகரம் காய்ந்த புல். பாதை இருக்கிறது, ஆனால் செங்குத்து. எட்டு நாற்பதுக்கு உச்சி. அங்கே டவர் உண்டு. ஃபிரெட்ரிக் போனில் மாளவிகாவைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை என்றாள். இன்னும் மோட்டர் போடவில்லை, மேல் வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கரண்ட் வந்ததும் உன் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஃபேன் இல்லாமல் தலை வலிக்கிறது என்றாள். காபி குடி என்றேன். தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள். என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். தொப்பி.

முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக, ஏறிய உயரத்தை ஏறக்குறைய முழுவதுமாக இறங்கிவிட்டு மறுபடி ஏற வேண்டும். கால் அங்கேதான் ஓய்ந்துபோகும். நடுவில் முட்புதர். கடைசி அரை மணி நேரம் பாறையைக் கையால் பற்றி ஏற வேண்டும். என் முழங்கால் அன்று ஒன்றும் செய்யவில்லை. பதினொன்றே காலுக்குக் கொஞ்சம் முன்னால் ஏறிவிட்டோம். நான் ஓய்வெடுக்காமல் மறுமுனைக்குப் போய் நின்றேன். மூன்றாவது சிகரம் எதிரே தெரிந்தது. இடது பக்கத்திலிருந்து மேகம் மேலே வந்துகொண்டிருந்தது.

அப்போது அவன் போன் அடித்தது. யார் என்று கேட்டேன். மாலு என்றான், மாளவிகாவைத்தான். ஐம்பது அடி தூரத்தில் நின்றிருந்தான். நான் திரும்பிப் போகவில்லை. கரண்ட் வந்ததா கேள் என்று மட்டும் சொன்னேன். அவன் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அப்புறம் போனைக் காதில் வைத்தபடி சும்மா நின்றான். மேகம் பாதி வந்துவிட்டது. போன முறை இப்படித்தான் மூடியது.

"மேகம் ஏறுது மச்சி. பேசினது போதும், வெச்சுட்டு வாடா" என்று கத்தினேன்.

வந்தான். என்ன சொன்னாள் என்றேன். கரண்ட் வந்துவிட்டதாம், தலைவலியாம், மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கச் சொன்னேன் என்றான். டவர் கட் ஆகிவிட்டது என்றும் சொன்னான். சரி என்றேன். மூன்றாவதை நோக்கி இறங்கினோம்.

மூன்றாவது சிகரத்தைப் பற்றி எழுத நிறைய இருந்தது. இப்போது நினைவில் இருப்பது பாறையின் சூடு மட்டும். உள்ளங்கை எரிந்தது. கடைசிச் சரிவில் நான்கு கால் மிருகம் போல் ஏறினேன். உச்சியில் மூன்று கல்லை அடுக்கி யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது. படுத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுபடி அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பாறைக்கு அந்தப் பக்கம் போனான். சீக்கிரமே வந்துவிட்டான். யார் என்றேன்.

"மாலுதான். போட்டோ கேக்கறா."

கொடு, பேசுகிறேன் என்று எழுந்தேன். டவர் போய்விட்டது என்றான். அங்கே நில் என்றான். நின்றேன். இரண்டு கையையும் தூக்கினேன். எடுத்தான். அந்தப் படம் இருக்கிறது. நேரம் ஒன்று நான்கு. தொப்பி போட்டிருக்கிறேன். வாய் திறந்து சிரிக்கிறேன். அதில் சிரிப்பவனுக்கு இருபத்து நான்கு நிமிடமாக மனைவி இல்லை.

இறங்க நான்கு மணி நேரம். ஃபிரெட்ரிக் முன்னால் போனான். வழக்கமாக அவன்தான் பின்னால் வருவான். ஒவ்வொரு பாறையிலும் கீழே நின்று என் பாதத்தைப் பிடித்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்தான். குழந்தைய எறக்கற மாதிரி எறக்கறியே என்று கிண்டல் செய்தேன். ஒருமுறை குனிந்து என் ஷூ நாடாவைக் கட்டினான். தன் தண்ணீரையும் எனக்கே கொடுத்தான். எட்டாம் வகுப்புப் பையன்கள் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் சிரித்தேன். அவனுக்குக் களைப்பு என்று நினைத்தேன். முகம் கழுவாதவன் முகம் போல் இருந்தது.

ஐந்தே காலுக்கு அடிவாரம். சாவடிக்கு எதிரே டீக்கடை. இரண்டு டீ சொன்னான். குடி மச்சி என்றான். குடித்தேன். நான் கிளாஸைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தான். அப்புறம் சொன்னான்.

"மாலு போயிட்டா மச்சி. மூளைல ரத்தக் கசிவாம். பன்னண்டு நாப்பதுக்கு."

எழுந்து கார் சாவியைத் தேடினேன். பையில் இல்லை. எல்லா ஜிப்பையும் திறந்து பார்த்தேன். அவன் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான். மூன்றாவது சிகரத்திலேயே என் பையிலிருந்து எடுத்து வைத்திருந்தான். அதாவது அங்கேயே எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தான். கார் யார் ஓட்டுவது என்பது வரை.

அந்தப் பாறையில் உன்னை எப்படிடா இறக்குவேன் என்றான். வேலூர் வரை அதையே வேறு வேறு விதமாகச் சொன்னான்.

இரவு வந்து சேர்ந்தபோது வீட்டுப் பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை இன்னும் ஈரமாக இருந்தது. கீழ்வீட்டு டில்லிபாபு வாசலில் நாற்காலி போட்டு எனக்காக உட்கார்ந்திருந்தார். ராயப்பேட்டையில் ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தண்ணி ஊத்திக்கினே கீது சார், யாரும் கண்டுக்கல. நான்தான் மோட்டர ஆஃப் பண்ணேன். பண்ணிட்டு, இன்னாம்மா இது, இப்டி வுட்டுட்டியேன்னு கேக்கலாம்னு மேல ஏறுனேன் சார். கேக்கத்தான் ஏறுனேன்" என்றார். அதையே மூன்று முறை சொன்னார். கேக்கத்தான் ஏறுனேன்.

முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே படி திரும்பும் இடத்தில் அவள் கிடந்திருக்கிறாள். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் போன். அவள் போனுக்குப் பூட்டு கிடையாது. டில்லிபாபு அதைக் கையோடு எடுத்துப் போயிருந்தார். கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தினார். அது ஃபிரெட்ரிக்குடையது.

எதற்காகப் படியில் இறங்கினாள்? மோட்டரை நிறுத்தத்தான் என்றார் டில்லிபாபு. உதவிக்கு யாரையாவது கூப்பிட என்றார் அவள் அம்மா. எனக்குத் தெரியவில்லை. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். இந்த மாதிரிக் கசிவில் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பெரும்பாலும் என்ற சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாளவிகாவின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுபவர், மயிலாப்பூரில் சித்திரைக்குளம் பக்கம் இருக்கிறார். கல்யாணமாகி ஒன்றரை வருடம் எங்களோடு பேசாமல் இருந்துவிட்டு, பேசத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் எல்லோர் முன்னாலும் ஃபிரெட்ரிக்கைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நீதானேப்பா கடைசியா பேசினே, என்ன சொன்னா என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். நிரஞ்சன் பத்திரமா இறங்கி வரட்டும், அது போதும்னு சொன்னாம்மா என்றான்.

அத்தைக்கு அது பிடித்துக்கொண்டது. வருபவர்களிடமெல்லாம் சொன்னார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அவள் கேட்டுண்டபடியே நீங்க பத்திரமா வந்துட்டேள் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சரியாக இருந்தது.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவள் போனை எடுத்துப் பார்த்தேன். 11.07, நான். 11.09, நான். 11.11, நான். மூன்றும் போய்ச் சேரவில்லை. 11.12, ஃபிரெட்ரிக். இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி.

கரண்ட் வந்தது. தலைவலி. மாத்திரை. பத்திரமாக இறங்கி வரட்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு இவற்றைச் சொல்லிப் பார்த்தேன். அவனுக்கான இடத்தையும் சேர்த்து, மெதுவாக, நடுவில் சிரித்து. நாற்பத்தைந்து விநாடிக்கு மேல் வரவில்லை. மறுபடி சொன்னேன். மீதி இரண்டு நிமிடம் எங்கே? அவள் என்ன சொன்னாள்? என்னைப் பற்றிச் சொன்னாளா? கூப்பிட்டாளா? வரச்சொல்லிக் கேட்டு, இவன் போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தானா? அதற்கப்புறம் அவன் பல முறை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தான், திறக்கவில்லை. கேட்கவும் பயம். கேட்காமல் அவனைப் பார்க்கவும் முடியவில்லை.

மூன்று நாளைக்கு முன் அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். முதல் வருட நினைவு நாளுக்குப் பேப்பரில் கொடுக்க. மாளவிகாவின் படம், தேதி, எங்கள் பெயர்கள். அதற்குக் கீழே மேற்கோள் குறிக்குள் ஒரு வரி. ‘அவர் பத்திரமாக இறங்கி வரட்டும், அது போதும்.’ மாளவிகாவின் கடைசி வார்த்தைகள். பிழை இருந்தால் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தார்.

அவள் என்னை ஒருநாளும் அவர் என்று சொன்னதில்லை. அதை ஃபிரெட்ரிக்குக்கு அப்படியே அனுப்பினேன். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பதினொரு மாதத்தில் நான் அவனுக்கு அனுப்பிய ஒரே செய்தி.

இன்று வந்துவிட்டான்.

படிக்கட்டுக்கு அடியில் நின்றோம். மோட்டர் சத்தத்தில் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. மேலே வா என்று நான் சொல்லவில்லை. அந்தத் திருப்பத்தைத் தாண்டி அவனை அழைத்துப் போக முடியும் என்று தோன்றவில்லை.

"அத போடக் கூடாது மச்சி. அவ அப்படிச் சொல்லல" என்றான்.

தெரியும் என்றேன். இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி என்றேன். அவன் சட்டென்று நிமிர்ந்தான். அந்த எண் அவனுக்கும் மனப்பாடம்.

சொன்னான். எடுத்ததுமே, உன் ஃப்ரெண்டு போன ஏன் தூங்கப் பண்ணி வெச்சிருக்கான் என்றுதான் கேட்டிருக்கிறாள். ரெண்டாவது தாண்டியாச்சா என்று கேட்டிருக்கிறாள். தாண்டிவிட்டோம், இன்று ராஜாவுக்குப் பதவி உயர்வு என்று இவன் சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. கரண்ட் வந்தது என்றிருக்கிறாள். தலை இடிக்கிறது, இப்படி வலித்ததே இல்லை, வாந்தி வருகிறது என்றிருக்கிறாள். நேற்று நாங்கள் இல்லாத தைரியத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கிண்டல் செய்திருக்கிறான். மாத்திரை போட்டுக்கொண்டு படுங்கள் என்றிருக்கிறான்.

"இப்படி வலிச்சதே இல்லன்னு சொன்னா மச்சி. நான் கிண்டல் பண்ணேன்."

நாற்பது விநாடிக்குள் இவ்வளவும் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் ஒன்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்த சத்தம் கேட்டிருக்கிறது. செருப்புச் சத்தம். கதவு. அப்புறம் ஒன்றுமில்லை. ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். இவன் காதில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறான். ஒரு நிமிடம். அதற்கு மேலும் ஒரு நிமிடம்.

"டவர் கட் ஆகல" என்றான். "லைன்லதான் இருந்தேன். இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா, ஏன் வரலன்னு தோணியிருக்கும். யாரையாவது கூப்பிட்டிருப்பேன். அப்போ..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நான் பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். வெச்சுட்டு வாடா. அது என் குரல். பதினொரு மாதம் அவன் சொல்லாமல் வைத்திருந்தது அதைத்தான். அத்தையிடம் பொய் சொன்னதும், நான் கதவைத் திறக்காதபோது வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியதும் அதற்காகத்தான்.

நான் சுவரில் கை வைத்தேன். சுவர் அதிர்ந்தது. மோட்டரின் அதிர்வு.

இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். பக்கக் குழாயில் சொட்டத் தொடங்கியது. பின்னர் ஒழுகியது. பின்னர் கொட்டியது. சிவப்புப் பொத்தான் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. டில்லிபாபு வீட்டுக் கதவு திறந்தது. அவர் வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். எனக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுச் சிவப்பை அழுத்தினார். உள்ளே போய் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சத்தம் நின்றது. அத்தைக்கு நான் என்ன பதில் அனுப்பப்போகிறேன் என்று ஃபிரெட்ரிக் கேட்டான். தெரியாது என்றேன். எனக்கு மட்டும் சொல் என்றேன். அர்த்தத்தைச் சொல்லாதே. அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொல்.

கல்லூரி நாளிலிருந்தே அவளுடைய மயிலாப்பூர்த் தமிழை அவளுக்கு எதிரிலேயே பேசிக் காட்டிக் கேலி செய்கிறவன் அவன். அவளும் சிரிப்பாள். இன்று கேலி இல்லாமல், ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சொன்னான்.

"இரு ஃப்ரெட், வெச்சுடாதே. மோட்டர் ஓடிண்டிருக்கு, ஆஃப் பண்ணிட்டு வந்துடறேன்."